எங்கே விண்ணப்பிப்பது: ஆள், கேள்வி, காசு

1960-களில் இலங்கையிலிருந்து இரண்டு தமிழ் ஆய்வாளர்கள், ஒருவர் பின் ஒருவராக, இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முன்னவர் க. கைலாசபதி. கொழும்பில் ‘தினகரன்’ நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். பின்னவர் கா. சிவத்தம்பி. இருவரும் ஆராய எடுத்துக்கொண்டது பழந்தமிழ் இலக்கியத்தையும் அது பிறந்த சமூகத்தையும். பர்மிங்காமோ தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். தமிழ் படிக்க யாரும் தேடிப் போகிற இடம் அல்ல.

பிறகு ஏன் பர்மிங்காம்? அங்கே ஜார்ஜ் தாம்சன் இருந்தார். கிரேக்கப் பேராசிரியர். ஏதென்ஸ் நகரத்து நாடகம் எப்படிப்பட்ட சமூகத்திலிருந்து முளைத்தது என்று 1941-இலேயே நூல் எழுதியவர். அவர் தமிழறிஞர் அல்ல. ஆனால் ஒரு பழைய இலக்கியத்தை அதன் சமூகத்தோடு சேர்த்துப் படிக்கும் வித்தையைக் கற்றுத்தர அவரைப் போன்றவர்கள் அன்று குறைவு. கைலாசபதி சங்கப் பாடல்களை ஹோமரின் காவியங்களோடு ஒப்பிட்டு எழுதிய ஆய்வேடு 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. சிவத்தம்பி பழந்தமிழ்ச் சமூகத்தில் நாடகம் வகித்த இடத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றார். தமிழ் ஆய்வின் போக்கையே திருப்பிய இரண்டு ஆய்வேடுகள், தமிழுக்குப் பெயர்பெறாத ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தன.

வெளிநாட்டில் பிஎச்.டி. செய்ய விரும்பும் மாணவர் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்கவேண்டும். இளங்கலைக்கும் முதுகலைக்கும் கல்லூரியைத் தேடுகிறோம். பிஎச்.டி.க்குத் தேடவேண்டியது ஒரு கேள்வியை. அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆளை. அந்த ஆளிடம் நான்கைந்து ஆண்டு தங்கி வேலை செய்யச் சோறு போடுகிற ஓர் ஏற்பாட்டை. ஊரும் பல்கலைக்கழகமும் அதற்குப் பின்னால் வரும்.

நடப்பில் இது தலைகீழாக நடக்கிறது. மாணவர் முதலில் திறப்பது உலகத் தரவரிசைப் பட்டியலை. முதல் ஐம்பதிலிருந்து பத்தை எடுக்கிறார், அப்புறம் அந்தப் பத்தில் தன் துறை இருக்கிறதா என்று பார்க்கிறார். பட்டியல்கள் அளப்பது முழுப் பல்கலைக்கழகத்தையும். ஆசிரியர்–மாணவர் விகிதம், மற்ற பேராசிரியர்களிடையே உள்ள நற்பெயர், வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை எல்லாம் கலந்த ஒரு கூட்டுத்தொகை அது. மூன்றாம் மாடியில் உள்ள ஓர் ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் பிஎச்.டி. பெற்றது அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில். எந்தப் பட்டியலிலும் உச்சியில் நிற்காத இடம். பட்டம் வாங்கிய கையோடு தனக்குப் பிடித்தது உயிரியல் என்று கண்டு, சான் டியேகோவில் மறுபடி மாணவராகச் சேர்ந்தார். 2009-இல் ரைபோசோம் ஆய்வுக்காக வேதியியல் நோபல் பரிசு வந்தது.

ஆனால் தரவரிசையை அடியோடு ஒதுக்கிவிடவும் முடியாது. இரண்டு இடங்களில் அது விதியாகவே நிற்கிறது. இந்தியாவில் உதவிப் பேராசிரியர் வேலைக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள், க்யூஎஸ், டைம்ஸ், ஷாங்காய் ஆகிய பட்டியல்களில் ஏதாவது ஒன்றில் முதல் 500-க்குள் வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி.யைத் தகுதியாக ஏற்கின்றன. பட்டியல் இனத்தவர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள் முதலிய பிரிவினரின் பிள்ளைகளுக்கு மத்திய சமூகநீதி அமைச்சகம் தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் முதல் 500 என்ற எல்லையை வைத்திருக்கிறது. அந்த உதவித்தொகையில் இன்னொரு கண்ணியும் உண்டு. 2022-இல் வந்த விதிகள் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றை விலக்கின. சாதியைப் பற்றி ஆராய விரும்பிய பலருக்கு அந்த ஒரு வரியால் கதவு மூடியது. அது நியாயமான வரி அல்ல. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை வரிவரியாகப் படிப்பது அவசியம். ஆக, ஊர் திரும்பி ஆசிரியராக நினைப்பவருக்கு 500 என்ற கோடு முக்கியம். அந்தக் கோட்டுக்குள் 40-ஆவது இடமா, 240-ஆவது இடமா என்பது முக்கியமே இல்லை.

சரி, ஆளைத் தேடுவது எப்படி? தருமபுரி மாவட்டத்து மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாணவி கற்பனை, அவர் ஊர்ப் பிரச்சினை கற்பனை அல்ல. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்து, பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறிய மாவட்டம் அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மாணவி எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறார், செய்முறைத் திட்டம் ஃப்ளூரைடை உறிஞ்சும் பொருள்கள் பற்றியது.

அவர் தரவரிசையைத் திறந்தால் எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு என்று பெயர்கள் வரும். அதற்குப் பதிலாகக் கூகுள் ஸ்காலரில் தன் கேள்வியையே இட்டு, கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளை மட்டும் வடிகட்டுகிறார். முப்பது கட்டுரை. ஒவ்வொன்றிலும் கடைசிப் பெயர் யாருடையது, முகவரி எது என்று நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறார். ஆய்வகத் தலைவரின் பெயர் பெரும்பாலும் கடைசியில் வரும், வேலை செய்த மாணவரின் பெயர் முதலில். இரண்டு மாலைப் பொழுதில் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும்.

அப்படித் தேடும்போது சூரிக் நகரை ஒட்டிய டியூபன்டார்ஃபில் உள்ள ஏவாக் என்ற சுவிஸ் கூட்டாட்சி நீர் ஆய்வு நிறுவனம் கண்ணில் படும். கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் எலும்புக்கரியைக் கொண்டு ஃப்ளூரைடை நீக்கும் வேலையில் ஈடுபட்ட இடம். அது பல்கலைக்கழகமே அல்ல, பட்டம் தராது, எந்தப் பல்கலைக்கழகத் தரவரிசையிலும் அதற்கு வரிசை எண் கிடையாது. அங்கே ஆய்வு செய்பவர்கள் சூரிக்கின் ஈடிஎச், லோசானின் ஈபிஎஃப்எல் போன்ற பல்கலைக்கழகங்களில் பதிவு செய்துகொண்டு பட்டம் பெறுகிறார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஐஎச்இ என்ற நீர்க்கல்வி நிறுவனமும் அதே மாதிரிதான். டச்சுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பிஎச்.டி. தருகிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லமாண்ட்-டோஹர்ட்டி ஆய்வகம் வங்கதேசத்துக் கிணறுகளில் ஆர்செனிக்கைத் தேடிப் பல ஆண்டுகள் உழைத்தது. ஃப்ளூரைடு அல்ல, ஆனால் பக்கத்து வீட்டுக் கேள்வி. தரவரிசைப் பட்டியலை மட்டும் பார்த்த மாணவிக்கு இந்த மூன்றில் இரண்டு பெயர் தெரியவே தெரியாது.

பெயர் கிடைத்ததும் பாதி வேலைதான் முடிகிறது. அந்த ஆள் மாணவரை எப்படி நடத்துகிறார் என்று விசாரிக்கவேண்டும். பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதைவிடக் கூடுதலாகவே விசாரிக்கலாம். இதற்கு ஓர் எளிய வழி, அந்த ஆய்வகத்திலிருந்து வந்த பழைய ஆய்வேடுகளைத் தரவிறக்கி, நன்றியுரையைப் படிப்பது. பல்கலைக்கழக நூலகத் தளங்களில் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். நெறியாளருக்கு ஒரு வரியில் சம்பிரதாய நன்றி, பக்கத்து அறைப் பேராசிரியருக்கு ஒரு முழுப் பத்தி என்று இருந்தால் அதில் சேதி இருக்கிறது. நாலைந்து ஆய்வேட்டிலும் அப்படியே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து, இப்போதுள்ள மாணவர் ஒருவருக்கும் முடித்துப் போன ஒருவருக்கும் எழுதிக் கேட்கவேண்டும். நெறியாளரை மாதம் எத்தனை முறை தனியாகச் சந்திக்க முடிகிறது? கடைசியாக முடித்த மூன்று பேருக்கு எத்தனை ஆண்டு ஆனது? இடையில் விட்டுப் போனவர் உண்டா? மூன்றாவது கேள்விக்கு மின்னஞ்சலில் பதில் வராது. ஜூமில் பேசினால், பதிலுக்கு முன் வரும் மௌனத்திலேயே தெரிந்துவிடும்.

பெரிய பெயர் மட்டும் போதாது என்பதற்கு வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகரின் வாழ்க்கையே சாட்சி. சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே கேம்பிரிட்ஜின் ஆர்.எச். ஃபவுலரின் ஆய்வைப் படித்து, தன் கட்டுரையை அவருக்கே அனுப்பினார் அவர். ஃபவுலர் வழியாக அது ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. 1930-இல் அவரிடமே மாணவராகப் போய்ச் சேர்ந்தார். ஆளைத் தேர்ந்த முறை கச்சிதம். ஆனால் ஃபவுலர் அடிக்கடி ஊரில் இருப்பதில்லை. கேம்பிரிட்ஜில் சந்திரசேகர் தனிமையில் வாடினார். ஒரு கோடையை கோட்டிங்கனிலும், கடைசி ஆண்டை கோபன்ஹேகனிலும் கழித்தார். அவருக்கு அந்த வழிகள் திறந்திருந்தன. எல்லோருக்கும் திறந்திருக்காது. ஆகவே ஒரே ஒருவரை நம்பி ஓர் ஊருக்குப் போகக்கூடாது. தன் கேள்விக்குப் பக்கத்தில் வேலை செய்யும் இரண்டாவது, மூன்றாவது ஆசிரியர் அதே துறையில் இருக்கவேண்டும். ஓய்வு பெறும் வயதில் இருப்பவரும், அமெரிக்காவில் நிரந்தரப் பணி இன்னும் உறுதியாகாத இளம் உதவிப் பேராசிரியரும் நடுவழியில் இடம் மாறக்கூடும். இளையவர்கள் மாணவரோடு சேர்ந்து உழைப்பார்கள் என்பதும் உண்மைதான்.

நாடுகளைப் பற்றிப் பேசும்போது ‘எது நல்லது’ என்பதைவிட ‘யாருக்கு எது’ என்று கேட்பதே சரி. அமெரிக்காவில் பிஎச்.டி. ஐந்து, ஆறு ஆண்டு எடுக்கும். முதல் இரண்டு ஆண்டு வகுப்பு, தகுதித் தேர்வு, அப்புறம்தான் முழுநேர ஆய்வு. உயிரியல் துறைகளில் முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு நெறியாளரைத் தேரலாம். கேள்வி இன்னும் துலங்காத மாணவருக்கும், முதுகலை இல்லாமல் நான்காண்டு இளங்கலை மட்டும் முடித்தவருக்கும் அந்த முறை பொருந்தும். ஆனால் 2025-இல் அரசின் ஆய்வு நிதி ஆட்டம் கண்டபோது பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்தன. கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவையும் உண்டு. எல்லா விண்ணப்பங்களையும் ஒரே நாட்டுக்கு அனுப்புவது இனி சரியல்ல.

பிரிட்டனில் மூன்று முதல் நான்கு ஆண்டு. ஆய்வுத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகவேண்டும். போன முதல் மாதமே வேலை தொடங்கிவிடும். இடம் கிடைப்பது எளிது, பணம் கிடைப்பதுதான் கடினம். அந்நாட்டு ஆய்வு மன்றங்களின் உதவித்தொகை 2021-இலிருந்து வெளிநாட்டினருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் மொத்த இடத்தில் 30 விழுக்காடு வரைதான். கேட்ஸ் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் போன்ற உதவித்தொகைகளுக்குப் போட்டி கடுமை.

ஜெர்மனி, நெதர்லாந்து, நார்டிக் நாடுகள் வேறு மாதிரி. பல இடங்களில் அங்கே பிஎச்.டி. ஒரு வேலை. செய்தித்தாளில் வேலை விளம்பரம் வருவது போலப் பல்கலைக்கழகத் தளத்திலும் யூராக்செஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுப் பணித் தளத்திலும் விளம்பரம் வரும். விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் கிடையாது, சம்பளம் உண்டு, விடுப்பு உண்டு, ஓய்வூதியப் பிடித்தம்கூட உண்டு. முதுகலை பெரும்பாலும் கட்டாயம். ஸ்வீடனில் நான்கு ஆண்டு ஆய்வு. பாடம் நடத்தும் வேலை 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஜெர்மன் விளம்பரத்தில் ‘இ13, 65 விழுக்காடு’ என்று இருந்தால், இ13 என்ற ஊதியப் படியில் ஒரு முழுப் பணியின் 65 விழுக்காடு சம்பளம் என்று பொருள். ஆய்வு மட்டும் வாரம் முழுவதையும் தின்றுவிடும். மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் ஆய்வுப் பள்ளிகளில் ஆங்கிலத்திலேயே வேலை நடக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வு வலையமைப்பில் சம்பளம் நன்று. ஆனால் ஒரு விதியில் பலர் தடுக்கி விழுகிறார்கள். வேலை தரும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக்கூடாது. ஜெர்மனியில் இரண்டாண்டு முதுகலை படித்து முடித்த கையோடு ஜெர்மன் இடத்துக்கு விண்ணப்பித்தால் செல்லாது. பிரான்சுக்கோ ஸ்பெயினுக்கோ விண்ணப்பிக்கலாம்.

கிழக்கிலும் தெற்கிலும் நல்ல வழிகள் உண்டு. சிங்கப்பூரின் சிங்கா உதவித்தொகை நான்காண்டு வரை தாங்கும். ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குப் பேராசிரியர் ஒருவரின் சம்மதத்தை வாங்கி வைப்பது பெரும் பலம். மும்பை ஐஐடியும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகமும் 2008-இல் தொடங்கிய கூட்டு ஆய்வுக்கூடத்தில் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து பட்டம் தருகின்றன.

இனி காசு. பிஎச்.டி. சேர்க்கை மடலில் மூன்று எண்களைத் தேடவேண்டும்: உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு உறுதி, ஆண்டுக்கு ஒன்பது மாதமா பன்னிரண்டு மாதமா, கட்டணமும் மருத்துவக் காப்பீடும் போக மிஞ்சுவது எவ்வளவு. ஒன்பது மாதத்துக்கு மட்டும் பணம் தரும் துறையில் கோடை மூன்று மாதம் என்ன செய்வது என்று மாணவர்களையே கேட்கவேண்டும். அமெரிக்க ஊர்களின் வாழ்க்கைச் செலவை எம்ஐடி நடத்தும் வாழ்வூதியக் கணிப்பானில் மாவட்டவாரியாகப் பார்க்கலாம். நியூயார்க்கில் கூடுதல் தொகை வாங்கித் திண்டாடுபவரைவிட, இந்தியானாவின் சிற்றூரில் குறைந்த தொகை வாங்குபவர் நிம்மதியாக இருக்கக்கூடும்.

திருமணமானவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்: அமெரிக்காவில் மாணவரின் துணைக்குத் தரும் எஃப்-2 விசாவில் வேலை பார்க்க முடியாது. பிரிட்டனில் 2024 ஜனவரியிலிருந்து பெரும்பாலான முதுகலை மாணவர்கள் துணையை அழைத்துவர முடியாது, பிஎச்.டி. மாணவர்கள் அழைத்துவரலாம், துணை வேலையும் செய்யலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. வீட்டை அடமானம் வைத்து, கல்விக் கடன் வாங்கி, கைக்காசு கட்டிச் சேரும் பிஎச்.டி. வேண்டாம். உதவித்தொகை இல்லாத சேர்க்கை மடலை இடம் கிடைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வது நல்லது. கல்வி ஆலோசனை நிலையங்கள் பல, மாணவரைச் சேர்த்துவிட்டதற்குப் பல்கலைக்கழகங்களிடம் தரகு வாங்கிப் பிழைப்பவை. சம்பளத்தோடு கூடிய பிஎச்.டி.யில் அவர்களுக்கு வருமானம் இல்லை. அதனால் பேச்சு கட்டணப் படிப்பின் பக்கமே சாயும்.

பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில்தான் நம் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் சேர மிகவும் ஆர்வமாக உள்ளேன்’ என்ற ஒரே மடல் இருநூறு பேருக்குப் போகிறது. இருநூறு பேரும் அழிக்கிறார்கள். தருமபுரி மாணவி இப்படி எழுதலாம்: உங்கள் கட்டுரையில் எலும்புக்கரியின் உறிஞ்சும் திறன் காரத்தன்மை கூடும்போது குறைவதாகச் சொல்லியிருக்கிறீர்கள், எங்கள் மாவட்டக் கிணற்று நீரில் பைகார்பனேட் மிகுதி, என் திட்டத்தில் நான் கண்டதும் அதே சரிவு, அதைச் சரிசெய்ய இன்ன வழியை முயன்று பார்க்க விரும்புகிறேன், அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கும் எண்ணம் உண்டா? பன்னிரண்டு வரி. மதிப்பெண் பட்டியல் இணைப்பில் இருந்தால் போதும்.

எல்லா இடத்திலும் இப்படி எழுதவும் கூடாது. அமெரிக்காவில் பல துறைகளில் முடிவெடுப்பது குழு. ‘சேர்க்கை பற்றி எழுதவேண்டாம்’ என்று பேராசிரியர் தன் பக்கத்தில் போட்டிருந்தால் அதை மதிக்கவேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பானில் எழுதாமல் விண்ணப்பிப்பது பெரும்பாலும் வீண்.

எத்தனை இடம்? எட்டு முதல் பத்து போதும், அதில் பாதியாவது கட்டணம் இல்லாதவையாக இருக்கட்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஒரு விண்ணப்பத்துக்கு 75 முதல் 125 டாலர் வரை வாங்குகின்றன. பத்து இடம் என்றால் ஓர் எளிய குடும்பத்தின் பல மாதச் சம்பளம். கட்டண விலக்கு கேட்டால் தரும் துறைகள் உண்டு. கேட்பதில் வெட்கம் எதற்கு? ஜிஆர்இ தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன, பட்டியலை முடிவு செய்த பிறகே அதற்குப் பணம் கட்டலாம். பரிந்துரைக் கடிதம் தரும் மூன்று ஆசிரியர்களிடம் ஆகஸ்டிலேயே சொல்லிவிடவேண்டும். அமெரிக்கக் கெடுவெல்லாம் டிசம்பரில் குவியும். நம் கல்லூரிகளில் அது பருவத் தேர்வுக் காலம்.

வெளிநாடுதான் என்று ஒற்றைக்காலில் நிற்கவும் வேண்டாம். சென்னையில் பிறந்த கணிதவியலாளர் எஸ்.ஆர்.எஸ். வரதன் 1963-இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்ற பிறகே நியூயார்க் போனார். 2007-இல் ஆபெல் பரிசு பெற்றார். இந்தியாவில் பிஎச்.டி. செய்பவர்கள் ஃபுல்பிரைட்-நேரு ஆய்வு உதவித்தொகையில் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்க ஆய்வகத்தில் வேலை செய்துவிட்டு வரலாம்.

மார்ச் வாக்கில் பதில்கள் வரத் தொடங்கும். ‘இரண்டு நாளில் முடிவு சொல்லுங்கள்’ என்று எங்கிருந்தாவது அவசரப்படுத்தினால் பதறவேண்டாம். அமெரிக்கப் பட்டப்படிப்புப் பள்ளிகளின் மன்றத்து உடன்பாட்டில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோடு தந்த இடத்துக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. அந்த நாள்வரை நிதானமாக யோசியுங்கள், மாணவர்களிடம் பேசுங்கள், நன்றியுரைகளை மறுபடி படியுங்கள். ஆனால் ஓர் இடம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டால் அன்றைக்கே எழுதிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இன்னொரு ஊரின் பிள்ளை அந்த இடத்துக்காக உட்கார்ந்திருக்கிறது.